ஆட்டுக்கு எழுதிக் கொடுத்தவர்கள்

வார நாட்களில் ஸ்காபரோவில் ஒரு பல் வைத்தியரின் முன்மேசையில் இருந்து, வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களுக்கு நாள் குறித்துக் கொடுப்பது என் வேலை. சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். அங்கும் ஏறக்குறைய அதே சங்கடம்தான். பிள்ளைகள் வாயைத் திறக்க மாட்டார்கள், பெற்றோர் மூட மாட்டார்கள்.

என்னிடம் வருகிறவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். சனிக்கிழமை காலையில் படுக்கையிலிருந்து பிடுங்கி எடுத்துக் கொண்டுவந்து இறக்கிவிடப்படுகிறவர்கள். புத்தகத்தில் ஒரு கதையை வாசிப்போம். கதையின் கீழே கேள்விகள் இருக்கும். அந்தக் கேள்விகளுக்குக் கதையை வாசிக்காமலே பதில் எழுதும் கலையில் என் பிள்ளைகள் தேர்ந்தவர்கள். கேள்வியில் உள்ள சொல்லைக் கதைக்குள் விரலால் தேடிப் பிடிப்பார்கள். அந்த வரியை அப்படியே கொப்பியில் இறக்குவார்கள். 'ஆடு எதைத் தின்றது?' என்றால் 'ஆடு மாலையைத் தின்றது'. 'எதை' என்று இருந்த இடத்தில் 'மாலையை' என்று வந்தால் முழுப் புள்ளி. அந்த ஆடு ஏன் வந்தது, அது யாருடைய ஆடு, அது யாருடைய மாலை என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. பல வருடங்கள் நானும் சிவப்புப் பேனையால் சரி போட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கே அலுத்துப்போயிருந்தது.

அப்போதுதான் ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றுக்குப் போனேன். வழக்கமாக இந்தப் பயிற்சிகளுக்கு நான் போவது மதியச் சாப்பாட்டை நம்பித்தான். அன்று வந்திருந்த இளம் ஆசிரியை ஒருத்தி நல்ல விஷயம் ஒன்று சொன்னாள். கதையை வாசித்ததும் பிள்ளையிடம் கேள்வி கேட்காதீர்கள், பிள்ளையைக் கதைக்குள் அனுப்பிவிடுங்கள் என்றாள். நீ யார், யாருக்கு எழுதுகிறாய், என்ன வடிவத்தில் எழுதுகிறாய், எதைப் பற்றி எழுதுகிறாய் என்ற நான்கை மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு விலகி நின்றுகொள்ளுங்கள். கதையில் வரும் ஆளாக மாறித்தான் எழுதவேண்டும் என்றால் கதையை வாசிக்காமல் தப்ப முடியாது. அவள் சொல்லி முடிப்பதற்குள்ளேயே என் மனம் அடுத்த சனிக்கிழமைக்குப் போய்விட்டது.

அடுத்த பாடம் அந்த ஆட்டுக் கதைதான். ஊரில் ஒரு பெரிய வீட்டில் கலியாணம். மணமகளுக்கென்று கட்டிவைத்த மாலையை முதல்நாள் பக்கத்து வீட்டு ஆடு வந்து தின்றுவிடுகிறது. மணமகளின் அப்பா எல்லோரையும் கூட்டி வைத்து, வேலிப் படலையைத் திறந்துவிட்டது யார் என்று விசாரிக்கிறார். சமையற்காரர் பூக்காரரைக் காட்டுகிறார், பூக்காரர் ஆட்டுக்காரரைக் காட்டுகிறார். கடைசியில் ஆட்டுக்காரர் மன்னிப்புக் கேட்க, அப்பா பெரிய மனது வைத்து மன்னிக்க, புதுமாலை வந்து கலியாணம் இனிதே நடந்தேறுகிறது. வகுப்பில் வேடங்களைப் பிரித்துக் கொடுத்தேன். நீ ஆடு, மணமகளின் அப்பாவுக்குக் கடிதம் எழுது. நீ பூக்காரர், முறைப்பாடு எழுது. நீ அயல்வீட்டுக்காரி, தங்கைக்கு நடந்ததைச் சொல்லிக் குறுஞ்செய்தி எழுது. பிள்ளைகள் முதன்முறையாகச் சிரித்தார்கள். வீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

அன்று மாலையே தொலைபேசி அடித்தது. ஆடாகப் போன பிள்ளையின் அம்மா.

"டீச்சர், மகனுக்கு ஆடு குடுத்திருக்கிறியளாம்."

"ஓம். நல்ல இடம் அது. கதையே ஆட்டாலதான் நடக்குது."

"இல்லை டீச்சர், அவன்ர தேப்பன் எஞ்சினியர்."

எஞ்சினியரின் மகன் எப்படி ஆடாகலாம் என்று அவர் கேட்கவில்லை, கேட்காமல் விட்டதுதான் மரியாதை. "மணமகளின்ர அப்பா இல்லாட்டிலும் பரவாயில்லை, சமையற்காரர் எண்டாலும் குடுத்திருக்கலாம்," என்றார். மேடை நாடகம் ஒன்றும் இல்லை, எழுதுவதற்கு மட்டும்தான் என்று விளங்கப்படுத்தினேன். "அது விளங்குது டீச்சர். எண்டாலும் கொப்பியில 'நான் ஆடு' எண்டு கிடக்கப்போகுதெல்லே," என்றார்.

அடுத்த சனிக்கிழமை வேலைகள் வந்து சேர்ந்தன. ஆட்டின் கடிதத்தை முதலில் எடுத்தேன். 'பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்கட்கு, உலகெங்கும் புலம்பெயர்ந்து வாழும் ஆடுகளின் சார்பில் என் பணிவான வணக்கங்கள்' என்று தொடங்கியது. பூக்காரரின் முறைப்பாடு 'அனைவருக்கும் இனிய காலை வணக்கம்' என்று தொடங்கி, 'இந்த அரிய வாய்ப்பை எனக்களித்த ஏற்பாட்டாளர்களுக்கு நன்றி கூறி விடைபெறுகிறேன்' என்று முடிந்தது. அயல்வீட்டுக்காரி தங்கைக்கு எழுதிய குறுஞ்செய்தி இரண்டு பக்கம். தமிழ்ப் பண்பாட்டில் அயலாரின் பங்கு பற்றி அவள் தங்கைக்கு எடுத்துரைத்திருந்தாள்.

எழுதியது யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எங்கள் ஆட்களிடம் இது ஓர் ஒழுங்கு. பேச்சுப் போட்டி என்றால் அப்பா எழுதுவார், அம்மா பாடமாக்குவிப்பார், பிள்ளை போய்ச் சொல்லிவிட்டுக் கிண்ணத்தோடு வரும். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. பிள்ளை நன்றாகப் பேசினால் சபையில் இருப்பவர்கள் தேடிவந்து, "ஆர் எழுதிக் குடுத்தது?" என்றுதான் பாராட்டுவார்கள். எழுதிக் கொடுத்தவர் கூச்சத்தோடு தலையைக் குனிவார். ஆகவே ஆட்டுக்கும் அப்பாக்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரவு முழித்திருந்து எழுதியிருப்பார்கள் போலும், எனக்கு ஒரு பக்கம் பாவமாகவும் இருந்தது.

இதில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவர் பெற்றோர் சங்கத் தலைவர். எந்தக் கலியாணத்துக்கும் எந்தப் புத்தக வெளியீட்டுக்கும் ஒலிவாங்கி அவர் கையில்தான் இருக்கும். நல்ல மனிதர், நல்ல தமிழ். வீடு வாங்கி அஜக்ஸுக்குப் போன பிறகும் பனியென்றும் பாராமல் 401 நெடுஞ்சாலையில் மகளை ஏற்றிக்கொண்டு எங்கள் வகுப்புக்கே வருகிறவர். ஒரேயொரு குறைதான். மகளுக்குரிய வாயும் தன்னிடமே இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். "எப்பிடிப் பிள்ளை, சுகமோ?" என்று நான் அவளைப் பார்த்துக் கேட்டால், "சுகமா இருக்கிறா டீச்சர்," என்பார் அவர். "அடுத்த வருசமும் வருவியோ?" என்று கேட்டால், "வருவா டீச்சர், ஏன் வராமல்?" என்பார். அவள் பக்கத்தில் நின்று தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு ஆட்டுக்காரரின் மன்னிப்புக் கடிதம் கொடுத்திருந்தேன். வந்தது 'தமிழர் வாழ்வில் ஆடு: ஓர் ஆய்வு நோக்கு'. அழகான கையெழுத்தில் பக்கம் பக்கமாக இருந்தது. மன்னிப்பு எங்கேயும் இல்லை. இடைவேளையில் அவளைக் கூப்பிட்டேன்.

"உதில நீ எழுதினது எது?"

அவள் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேலே விரலை வைத்தாள். "என்ர பேர்." பிறகு யோசித்துவிட்டு, "அதுவும் டெக்னிக்கலி அப்பா வைச்சதுதான்," என்றாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் சிரிக்கவில்லை. தான் ஜூன் மாதத்தோடு வகுப்பை விட்டு நின்றுவிடப்போவதாகச் சொன்னாள். அப்பாவிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். "சொல்லேல்லை. அப்பாக்கு விருப்பமெண்டா அவர் கன்ரினியூ பண்ணட்டும். அவர்தானே ஹோம்வேர்க் எல்லாம் செய்யிறார்," என்றாள்.

அவளை விட எனக்கு மனமில்லை. கதை வாசிக்கும்போது சிரிக்கவேண்டிய இடத்தில் சிரிக்கிற ஒரே பிள்ளை அவள். ஆடு மாலையைத் தின்றுவிட்டு நாரை மட்டும் மரியாதையாக மிச்சம் வைத்தது என்று வருகிற வரியில், மற்றவர்கள் கொட்டாவி விட, அவள் மட்டும் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். அப்படியான பிள்ளை ஒன்று கையில் கிடைத்தால் எந்த ஆசிரியையும் விடமாட்டாள். ஆனால் அவளைப் பிடித்து வைக்க என்னிடம் இருந்தது அந்த வேடம் போட்டு எழுதுகிற வழி ஒன்றுதான், அதையும் அவளுடைய அப்பா எடுத்துக்கொண்டுவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று மதியம் வீட்டில் வெங்காயம் வெட்டியது பக்கத்து அப்பார்ட்மென்ற் வரைக்கும் கேட்டிருக்கும்.

இதற்கிடையில் எஞ்சினியரின் மனைவி பள்ளிக்கூட அதிபரிடம் போய்விட்டார். எங்கள் அதிபர் தங்கமான மனிதர், சண்டை என்றால் கோப்பி குடிக்கப் போய்விடுவார். "பழையபடி கேள்வி பதிலுக்கு மாறிடுங்கோவன் டீச்சர், ஆருக்கும் தலையிடி இல்லை," என்றார். நான் மாட்டேன் என்றேன். பெற்றோரைக் கூப்பிட்டு விளங்கப்படுத்துகிறேன், அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்றேன். அவர் சம்மதித்தார். விளங்கப்படுத்துவது என்று நான் சொன்னது எதை என்று அவர் கேட்கவில்லை.

பெப்ரவரி மாதச் சனிக்கிழமை ஒன்றில் பெற்றோர் எல்லோரும் வந்தார்கள். பெரிய பெரிய குளிர்க்கோட்டுகளைக் கழற்றி வைக்க இடமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தார்கள். யாரோ ரோல்ஸ் கொண்டுவந்திருந்தார்கள். அதைத் தின்று முடித்ததும் வெறும் பெட்டியை நீட்டி, கைத்தொலைபேசிகளை இதற்குள் போடுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே போட்டார்கள். தாளும் பேனையும் கொடுத்தபோது சிரிப்புக் குறைந்தது. வேடங்களைத் துண்டில் எழுதி ஒரு கம்பளித் தொப்பிக்குள் போட்டிருந்தேன். பெற்றோரும் பிள்ளைகளும் ஆளுக்கொன்று எடுக்கவேண்டும், பக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல் அங்கேயே எழுதவேண்டும், வணக்கமும் நன்றியும் எழுதினால் புள்ளி கிடையாது.

சங்கத் தலைவர் துண்டைப் பிரித்துப் பார்த்தார். பிறகு பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"ஆரும் மாத்துவினமோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"என்ன வந்தது?"

"ஆடு."

எஞ்சினியரின் மனைவியின் முகத்தில் அன்றுதான் நான் முதன்முதலாகச் சந்தோஷத்தைப் பார்த்தேன். "நல்ல இடம் அது, அண்ணை," என்றார் அவர்.

வகுப்பு அமைதியானது. மேடையில் எழுதாமலே மணிக்கணக்கில் பேசக்கூடிய அந்த மனிதர் வெள்ளைத் தாளைப் பார்த்தபடி இருந்தார். 'பெரு' என்று எழுதிவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு வெட்டினார். கொஞ்ச நேரத்தில் கையை உயர்த்தினார்.

"டீச்சர், ஆட்டுக்கு எத்தினை வயசு?"

"ஆடு நீங்கள்தானே தம்பி. நீங்கள்தான் சொல்லவேணும்."

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அவருடைய மகள் மட்டும் நிமிரவில்லை. அவளுக்கு மணமகள் வந்திருந்தது, அப்பாவுக்கு எழுதவேண்டும். அந்த மணமகளைத் தொப்பிக்குள் போடுவதற்கே எனக்கு யோசனையாக இருந்தது. கதையில் அவளுக்கு ஒரு வசனமும் கிடையாது, யாருக்கு வந்தாலும் திண்டாடப் போகிறார்கள் என்று நினைத்தேன். அவள் இடது கையால் தாளை மறைத்துக்கொண்டு எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள்.

வாசிக்கும் நேரம் வந்தது. ஆடு எழுந்து நின்றது. பழக்கதோஷத்தில் தொண்டையைச் செருமிவிட்டு வாசித்தார்.

"படலை திறந்து கிடந்தது. பூ வாசமா இருந்தது. எனக்குப் பசிச்சது, திண்டன். பிறகு எல்லாரும் கத்தினவை. ஏன் கத்தினவை எண்டு எனக்கு இப்பவும் விளங்கேல்லை."

அவ்வளவுதான். பிள்ளைகள் மேசையில் தட்டினார்கள். நானும் தட்டினேன். அவர் எழுதியவற்றில் ஆகச் சிறந்தது இதுதான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். அவரே கொஞ்சம் திகைத்துப்போய், பிறகு சிரித்துவிட்டு உட்கார்ந்தார். அவர் சிரித்ததைப் பார்த்ததும் எனக்குப் பெரிய ஆறுதல். இனி முறைப்பாடு வராது, வகுப்புத் தப்பிவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்து அவருடைய மகள் எழுந்தாள். அவள் எழுந்ததுமே அவர் முன்னுக்குச் சாய்ந்தார், அவருடைய உதடுகள் தயாராகின. போட்டிகளில் அவள் பேசும்போது கீழே இருந்து கூடவே முணுமுணுக்கிறவர் அவர். ஆனால் இந்த முறை அவருக்கு அடுத்த வரி தெரியாது. அவள் தாளை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, சொற்களைக் கூட்டிக் கூட்டி வாசித்தாள்.

"அப்பா, மாலையை ஆடு சாப்பிட்டது. படலை திறந்தது ஆர் எண்டு நீங்கள் எல்லாரிட்டையும் கேட்டீங்கள். சமையல்காரரிட்டைக் கேட்டீங்கள். பூக்காரரிட்டைக் கேட்டீங்கள். என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. எனக்கு அந்த மாலை விருப்பம் இல்லை. ஆட்டுக்குத்தான் விருப்பம். இது என்ர கலியாணம். என்னையும் கூப்பிடுங்கோ."

முதலில் ஒரு பிள்ளை சிரித்தது, பிறகு பெரியவர்கள் சிரித்தார்கள். எஞ்சினியரின் மனைவி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்தச் சத்தத்துக்குள், வாயில் ஊறிப்போன அதே கேள்வியைக் கேட்டார்.

"ஆர் எழுதிக் குடுத்தது?"

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. நாக்கு நுனிவரை நல்ல நாலு வார்த்தை வந்துவிட்டது. ஆனால் அங்கே பேசவேண்டியது நானில்லை என்று எப்படியோ அந்த நேரத்தில் எனக்குப் புத்தி வந்தது. என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த தருணங்கள் குறைவு, அதில் இது ஒன்று.

அவள் தாளை இறக்கினாள். "நான்தான் அப்பா," என்றாள்.

அவர் எழ வெளிக்கிட்டார். ஏதோ சொல்லப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சின்னக் கதிரை அவருடைய இடுப்போடு சேர்ந்து எழும்பிவிட்டது. அதைக் கழற்றி நிலத்தில் வைத்துவிட்டு, திரும்பவும் அதிலேயே உட்கார்ந்துகொண்டார். கடைசியில் அதிபர் வழக்கம்போல, இனித் தலைவர் நன்றியுரை சொல்லுவார் என்றார். "இண்டைக்கு வேற ஆரும் சொல்லட்டும்," என்றார் அவர். எங்கள் பள்ளிக்கூட வரலாற்றில் அப்படி ஒன்று நடந்ததில்லை. அதிபர் பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

எல்லோரும் போனபின் நான் கதிரைகளை அடுக்கிவிட்டு வெளியே வந்தேன். வாகனத் தரிப்பிடத்தில் அவர்களுடைய கார் இன்னும் நின்றது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, முன்கண்ணாடியில் பனி உருகி வழிந்துகொண்டிருந்தது. அப்பாவும் மகளும் உள்ளே இருந்தார்கள். யாருடைய வாய் அசைகிறது என்று பார்க்க முடியவில்லை. கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. பேருந்துத் தரிப்பிடத்துக்கு நடந்தேன்.

அந்தக் கிழமை முழுக்க எனக்கு நிம்மதி இல்லை. ஒரு மனிதரை அவருடைய பிள்ளைக்கு முன்னாலேயே ஊர் சிரிக்க வைத்துவிட்டேன் என்று ஒரு நேரம் தோன்றும். நன்றாக வேண்டும் என்று இன்னொரு நேரம் தோன்றும். அவர் கோபித்துக்கொண்டு மகளை அஜக்ஸிலேயே ஒரு வகுப்பில் சேர்த்துவிடுவார், அங்கே யாராவது அவளிடம் ஆடு எதைத் தின்றது என்று கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பல் வைத்தியரிடம் வந்த ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமையில் நாள் குறித்துக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பூட்டு.

வியாழக்கிழமை மாலை தொலைபேசியில் அவருடைய இலக்கம் வந்தது. எடுக்கவா விடவா என்று யோசித்துவிட்டு எடுத்தேன்.

"டீச்சர், நான்தான் கதைக்கிறன்," என்றார். அவர் வணக்கம் இல்லாமல் தொடங்கி நான் கேட்டதே இல்லை.

"சொல்லுங்கோ தம்பி."

"அடுத்த வருசம் வருவாவோ எண்டு நீங்கள் கேக்கிறனீங்கள்தானே. எனக்குத் தெரியாது டீச்சர். நீங்கள் அவவிட்டைத்தான் கேக்கவேணும்."

"கேக்கிறன்."

"இந்தக் கிழமை ஹோம்வேர்க்கை நான் தொடேல்லை. பிழை கனக்க இருக்கும் போல."

"இருக்கட்டும். நீங்கள் பாக்காதேங்கோ."

"எங்க பாக்கிறது?" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், பக்கத்தில் யாரோ இருப்பதைப் போல. அந்தக் குரலில் இருந்தது என்ன என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. மகள் முதற்கிண்ணம் வாங்கிய செய்தியைச் சொல்லும்போது அவருக்கு வருகிற அதே குரல்தான் அது.

"கதவைப் பூட்டிப்போட்டெல்லே எழுதுறா."